மிதித்தால் கலையா?

கேள்வி: சபா மாநிலத்தில் 'பங்ரோக் சுலாப்' என்றொரு குழுவினர் ஓவியத்தைக் காலால் மிதித்து அச்சடிக்கிறார்களாமே! இது கலையா? இதை வைத்து மலேசியாவில் பிழைக்க முடியுமா?
– ஒரு வாசகர், ஈப்போ

பதில்: 'மிதித்து' என்று எழுதிவிட்டு ஆச்சரியக்குறி வேறு. காகிதத்தில் கால் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் அவர்கள் மிதிப்பது துணியின் முதுகை. முகம், படத்தைச் செதுக்கி மையிட்ட பலகையில் கவிழ்ந்து கிடக்கிறது.

எட்டுக்கு நான்கடி பலகையை நுழைக்கிற அச்சு இயந்திரத்துக்கு அவர்கள் ஊரான ரானாவில் எங்கே போவது? கரண்டி முதுகால் தேய்க்கலாம். முடிப்பதற்குள் தோள் கழன்றுவிடும். பத்துப் பேர் பாட்டுப் போட்டு மேலே ஏறி ஆடினால் வேலை முடிந்தது. 'பங்ரோக்' என்பது உள்ளூர் வாயில் 'பங்க் ராக்'. 'சுலாப்' என்றால் வயற்காட்டுக் குடிசை. பேரிலேயே ஆட்டம் இருக்கிறது. 2010-இலிருந்து ஆடுகிறார்கள்.

ஆட்டம் எளிதென்று நினைத்து வீட்டில் இறங்கிவிடாதீர்கள். ஒட்டுப்பலகையில் நார் ஓட்டத்துக்குக் குறுக்கே மழுங்கிய உளியை இழுத்தால் சிம்பு பெயர்ந்துவிடும். கோட்டுக்கு 'வி' உளி, பரப்பைக் குடைய 'யு' உளி. இடது கை எப்போதும் உளிமுனைக்குப் பின்னால்தான், முன்னால் வைத்தால் தையல் போட வேண்டிவரும். எண்ணெய் மையை உருளையால் கண்ணாடியில் மெல்லியதாகப் பரப்பிப் பிறகே பலகைக்கு. மை கூடினால் மெல்லிய பள்ளங்கள் அடைத்துக்கொள்ளும். குறைந்தால் கறுப்பு சொரசொரவென்று வெளுத்துத் தெரியும். துணி இம்மி நகர்ந்தாலும் எல்லாருக்கும் இரண்டு மூக்கு. குதிகாலை ஊன்றக் கூடாது, பாதம் முழுக்கப் பதிய வேண்டும். அப்புறம் நாள்கணக்கில் கொடியில் காய வேண்டும். ஈரக்காற்று அடித்தால் இன்னும் இழுக்கும்.

எழுத்துதான் பெரிய வில்லன். பலகையில் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். தமிழில் 'ப' ஒருவாறு தப்பிக்கும், 'ட' மாட்டிக்கொள்ளும். 'பட்டம்' என்று நேராகச் செதுக்கி அச்செடுத்துப் பாருங்கள், படிக்க முகம் பார்க்கும் கண்ணாடி தேவைப்படும்.

மிதி என்றதும் மிதிவண்டி. மலேசிய ஓவியத்தைக் காட்டு என்றால் பத்துப் பேரில் எட்டுப் பேர் பினாங்கு ஆர்மீனியன் தெருச் சுவரில் இரண்டு பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளோடு எடுத்த தங்கள் படத்தைத்தான் நீட்டுவார்கள். 2012-இல் அதை வரைந்த எர்னஸ்ட் ஸகாரெவிச் லிதுவேனியாக்காரர். படம் அருமை, மறுக்கவில்லை. அதற்காக வரிசையில் நிற்பவர்கள், சபாவின் கோத்தா கினபாலுவில் பிறந்த கலைஞர் யீ ஐ-லானுக்காக ஐந்து நிமிடம் ஒதுக்கக் கூடாதா? செம்பூர்ணா பக்கம் ஓமாடல் தீவுப் பெண்களோடு சேர்ந்து பாய் முடைந்து, அந்தப் பாயில் மேசை உருவங்களைக் கொண்டுவருகிறார். மேசை அதிகாரி உட்காருமிடம், பாய் எல்லாரும் உட்காருமிடம். இரண்டையும் ஒரே ஓலையில் முடைந்தாயிற்று. மிதிப்பதென்றால் செருப்பைக் கழற்றிவிட்டு.

பிழைப்புக்கு வருவோம். அச்சுப்படம் என்றால் ஜெராக்ஸ் என்று எனக்குக் கடிதம் போட்டுச் சலிக்காத நண்பர்கள் இதையும் படிக்கட்டும். பத்தாயிரம் வெள்ளிக்கு ஒரே ஓவியம் என்றால் ஒரு பணக்காரரைத் தேடி அலைய வேண்டும். அதே பத்தாயிரத்துக்கு இருபது பிரதி, ஒவ்வொன்றும் ஐந்நூறு வெள்ளி என்று வையுங்கள். ஆசிரியர் வாங்குவார், தாதி வாங்குவார். ஓரத்தில் 3/20 என்றிருந்தால் இருபதில் மூன்றாவது, அவ்வளவுதான். இருபதுமே அசல். கலைக்கூடம் விலையில் பாதிவரை எடுத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பலகை, துணி, மைச் செலவு மீதியில்.

பங்ரோக் சுலாப் குழுவின் கோஷம் 'ஜாங்ஙான் பெலி, பிக்கின் செண்டிரி': வாங்காதே, நீயே செய். 'வாங்காதே' என்று பலகை மாட்டிய கடை வேறெங்கும் கிடையாது. ஊர் ஊராகப் போய்ச் செதுக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். 2018-இல் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனின் ஆசிய பசிபிக் மூவாண்டுக் கலைவிழா வரை போனார்கள்.

கலையா என்று கேட்டீர்களே, அதை 2017-இல் கோலாலம்பூர்க் கண்காட்சியில் இவர்கள் படத்தின் மேல் புகார் கொடுத்தவரிடம் கேட்கலாம். 'சபா தானா ஆயிர்-கு', சபா என் தாய்மண் என்று மாநில கீதத்தின் பெயரையே வைத்து, அந்த மண்ணின் ஊழலையும் செதுக்கி மாட்டியிருந்தார்கள். புகார் வந்தது, சுவரிலிருந்து இறக்கினார்கள். இறக்கியது துணியை. செதுக்கிய பலகையிலிருந்து இன்னொரு துணி எடுக்க மையும் பத்து ஜோடிக் காலும் போதும்.