கலயத்தில் கிடைத்த காசுகளை விற்கலாமா?

கேள்வி: பழம்பொருள் தேடுவது பத்தாண்டுகளாக என் பொழுதுபோக்கு. மூன்று வாரங்களுக்கு முன் நண்பரின் நிலத்தில், அவர் அனுமதியோடு, உலோகம் காட்டும் கருவியை வைத்துத் தேடியபோது முழ ஆழத்தில் ஒரு மண் கலயம் கிடைத்தது. உள்ளே நாற்பதுக்கு மேல் செப்புக்காசுகள், விரல் நீளத்தில் ஒரு வெண்கல அம்மன் சிலை. நண்பர் பாதிப் பங்கு கேட்கிறார். நாணய வியாபாரி ஒருவர் மொத்தமாக வாங்கிக்கொள்ளத் தயார். விற்கலாமா? அங்கேயே இன்னும் தோண்டலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். கலயம் உங்கள் கையில் இருக்கிறதே தவிர, இன்னும் உங்களுடையது ஆகவில்லை.

மண்ணில் மறைந்து கிடந்த மதிப்புள்ள எதுவும் 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி புதையல்தான். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பத்து ரூபாய் இன்னும் சட்டத்தில் அப்படியே நிற்கிறது. ஆகவே ‘சின்னப் பொருள்தானே’ என்ற வாதம் எடுபடாது. என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில், ஏறத்தாழ என்ன மதிப்பு என்பவை கடிதத்தில் இருக்க வேண்டும். பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது அதற்குப் பிணை தர வேண்டும். ‘இயன்ற விரைவில்’ என்கிறது சட்டம். நாள் கணக்கு இல்லை. மூன்று வாரத் தாமதத்தை உண்மையைச் சொல்லி விளக்கிவிடலாம். வியாபாரியிடம் விற்ற பிறகு விளக்க எதுவும் மிஞ்சாது. மறைத்தால் உங்கள் பங்கு அரசுக்குப் போகும். ஓராண்டு வரை சிறையும் உண்டு. அதற்கு உடந்தையாக இருந்தால் நில உரிமையாளருக்கும் ஆறு மாதம் வரை. இதை நண்பருக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருவோரை நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு நாளில் விசாரணைக்கு வரச் சொல்வார். உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நில உரிமையாளருக்குக் கால் பங்கு. நண்பரின் பாதிக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த ஒப்பந்தமே செல்லும். முக்கால் பங்கு என்றதும் மகிழ்ந்துவிடாதீர்கள். அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுத்தால் போதும். செப்புக்காசுக்கு அது என்ன பெரிய தொகை! இந்தக் கஞ்சத்தனம்தான் பலரை வியாபாரியிடம் துரத்துகிறது என்பது என் எண்ணம்.

சிலையின் கதை வேறு. 1976-இல் தஞ்சைப் பகுதியிலுள்ள பத்தூரில் மண் தோண்டிய தொழிலாளி ஒருவருக்கு நடராசர் சிலை கிடைத்தது. கைமாறிக் கைமாறி லண்டன் போனது. நல்லெண்ணத்தில் வாங்கியதாகச் சொன்ன வெளிநாட்டு நிறுவனம், 1991-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. இடிந்து கிடந்த கோயில் வென்றது. உங்கள் விரல் நீள அம்மனுக்கும் ஒரு கோயில் உரிமை கோரி வரலாம். அது நூறாண்டு பழமையானது என்றால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும்: உலோகச் சிற்பங்களைப் பதிவு செய்வது கட்டாயம். வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்குத் தபாலில் ஒரே ஒரு பழங்காசை அனுப்பினாலும் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. அந்த வியாபாரியிடம் தொல்பொருள் விற்கும் உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

தோண்டுவதை இன்றே நிறுத்துங்கள். தொல்லியல் நோக்கத்துக்கான அகழாய்வைப் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடமாக அறிவிக்கப்படாத நிலத்தில் நடத்த மாநில அரசே மத்திய அரசின் முன் ஒப்புதலைப் பெற வேண்டியிருக்கிறது. அப்படியிருக்க, தனிமனிதர் மண்வெட்டியோடு போனால் யார் ஒப்புவார்கள்? கலயம் எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில் இருந்தது என்பதை நினைவிருக்கும்போதே குறித்துவையுங்கள். ஆய்வாளருக்குக் காசைவிட அது பெரிது.

காசுகளைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எண்ணி, இரண்டு பக்கமும் படம் எடுத்து, கலயத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். நண்பரையும் கையெழுத்திடச் சொல்லி, நாளைக்கே ஆட்சியர் அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.