மிஷினில் நார்மல், விடியற்காலையில் இளைப்பு

கேள்வி: மண்டபம் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்தில் வசிக்கிறேன், வயது 41. நான்கு ஆண்டுகளாக நண்டு அவித்துச் சதை எடுக்கும் கூடத்தில் வேலை. ஓராண்டாக விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு அடைத்து, விசில் சத்தத்துடன் இளைக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் கூடம் மூடியிருந்தபோது நன்றாக இருந்தேன். ஜூன் முதல் வாரம் ஒரு மருத்துவமனையில் மிஷினில் ஊதச் சொல்லி, ‘நார்மல், ஆஸ்துமா இல்லை’ என்றார்கள். கூடம் திறந்ததும் மறுபடி இளைப்பு. மருந்துக்கடையில் தந்த நீல இன்ஹேலரை அடித்தால் குறைகிறது. பழகிவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். எனக்கு ஆஸ்துமா இருக்கிறதா, இல்லையா?

பதில்: அன்புள்ள சகோதரி, ‘கூடம் மூடியிருந்தபோது நன்றாக இருந்தேன்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப்பட்டது அந்த வரிதான். மூச்சுக்குழாய் ஒரு நேரம் சுருங்குவதும் ஒரு நேரம் விரிவதுமாக இருப்பது ஆஸ்துமாவின் இயல்பு. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். நீங்கள் ஊதியது நண்டு ஆவி படாமல் பல வாரங்கள் கழிந்த பிறகு. அன்று அளவு இயல்பாக இருந்ததில் வியப்பில்லை. அதை வைத்துக்கொண்டு ஆஸ்துமா இல்லை என்று முடிவு கட்டியது அவசரம்.

எனவே, இளைப்பு இருக்கும் காலத்தில், மிஷினில் ஊதும் அந்த ஸ்பைரோமெட்ரி பரிசோதனையை மீண்டும் செய்யுங்கள். மூச்சை முழுவதும் இழுத்து, உதடுகளால் குழாயை இறுக்கிக்கொண்டு, முடிந்த வேகத்தில் ஒரே மூச்சாக வெளியே தள்ளி, நுரையீரல் காலியாகும்வரை, ஆறு விநாடியாவது, விடாமல் ஊத வேண்டும். சங்கு ஊதும்போது கன்னம் உப்பும். இங்கே கன்னம் உப்பினாலோ உதட்டோரம் காற்று கசிந்தாலோ கணக்கு கெட்டுவிடும். அதனால்தான் மூன்று முறையாவது ஊதச் சொல்கிறார்கள். மொத்தம் ஊதிய காற்றில் முதல் விநாடியில் வெளியேறிய பங்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். நலமான பெரியவர்களுக்கு அது பொதுவாக 75 சதவீதத்துக்கு மேல் இருக்கும். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை (நீல இன்ஹேலரில் பொதுவாக இருப்பதும் இதுதான்) உறிஞ்ச வைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் விநாடிக் காற்று 12 சதவீதமும், கூடவே 200 மில்லிலிட்டரும் கூடினால் அது ஆஸ்துமாவுக்கு நல்ல சான்று. 1.90 லிட்டராக இருந்தது 2.20 ஆனால், கூடியது 300 மில்லிலிட்டர், ஏறத்தாழ 16 சதவீதம். இதற்காகவே, முடிந்தால், பரிசோதனைக்கு நான்கு மணி நேரம் முன்பிருந்து நீல இன்ஹேலரை அடிக்காமல் இருங்கள். மூச்சு முட்டினால் மட்டும் தயங்காமல் அடித்துவிட்டு, அடித்த நேரத்தை அங்கே சொல்லிவிடுங்கள்.

இதிலும் தெளிவு கிடைக்காவிட்டால், உங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் கைகொடுப்பது பீக் ஃப்ளோ மீட்டர் என்னும், ஊதும் வேகத்தை எண்ணாகக் காட்டும் சிறு பிளாஸ்டிக் குழாய். எழுந்ததும் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, மருந்து அடிப்பதற்கு முன், மூன்று தடவை ஊதி அதிகபட்ச எண்ணை நோட்டில் எழுதுங்கள். காலையில் 280, மாலையில் 350 என்றால் வித்தியாசம் 70. இரண்டின் சராசரியான 315-இல் அது 22 சதவீதம். இப்படி இரண்டு வாரம் எழுதி, தினசரி வித்தியாசத்தின் சராசரி 10 சதவீதத்தைத் தாண்டினால் ஆஸ்துமாவுக்கான வாய்ப்பு வலுக்கிறது. வேலைதான் காரணமா என்று அறிய, நாளுக்கு நான்கு தடவையாவது, வேலை நாட்களிலும் விடுமுறை நாட்களிலும் சேர்த்துச் சில வாரங்கள் எழுத வேண்டியிருக்கும். நண்டு அவிக்கும்போது எழும் ஆவியோடு அதன் புரதமும் காற்றில் கலந்து, அதைச் சுவாசிக்கும் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வருவது உலகெங்கும் அறியப்பட்ட விஷயம். அவிக்கும் கொப்பரைக்கு எவ்வளவு அருகில் உட்காருகிறீர்கள் என்பதையும் நோட்டில் குறித்துவையுங்கள்.

வேறு காரணங்களையும் விலக்கியாக வேண்டும். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் அவசியம். காசநோய்க்கான பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். விறகடுப்புப் புகையிலோ, சீமைக்கருவேலம் எரிக்கும் கரி மூட்டத்தின் அருகிலோ பல ஆண்டுகள் இருந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தப் புகையால் வரும் நுரையீரல் அடைப்பும் இதே போல இளைக்கும்.

உங்கள் மாமியாரிடம், இன்ஹேலர் பழக்கமாகி அடிமைப்படுத்தும் மருந்து இல்லை என்று சொல்லுங்கள். அவருடைய அச்சத்தில் ஒரு நியாயமும் உண்டு: நீல மருந்தை மட்டும் நம்பி அடிக்கடி அடித்துக்கொண்டிருப்பது ஆபத்து. ஆஸ்துமா உறுதியானால், மூச்சுக்குழாயின் வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, எந்தப் பரிசோதனைக்கும் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது ஜூன் மாதச் சீட்டையும், நீல இன்ஹேலரையும், இந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அதுவரை வேலையை விட்டுவிட வேண்டாம். முடிந்தால் கொப்பரையிலிருந்து தள்ளி, காற்று வரும் பக்கமாக இடம் கேட்டு உட்காருங்கள்.