இரண்டரை மணிக்கே முழிப்பு வருகிறது

கேள்வி: எனக்கு 66 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை, கோண்டாவிலில் தனியே இருக்கிறேன். கணவர் காலமாகி எட்டு மாதம். பிள்ளைகள் ரொறன்ரோவில். இரவு எட்டரைக்குப் படுத்ததும் நித்திரை வந்துவிடும், இரண்டரைக்கு முழிப்பு. பிறகு புரண்டுகொண்டு கிடப்பேன் அல்லது மகளோடு போனில் கதைப்பேன். பகலெல்லாம் அலுப்பு. மத்தியானம் ஒன்றரை மணித்தியாலம் படுப்பேன். பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் குளிசை எடுக்கிறேன். அக்கா தன்னுடைய நித்திரைக் குளிசையில் பாதி தந்தா, நன்றாக நித்திரை வந்தது. தொடர்ந்து எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் வயதில் அந்தக் குளிசைகள் கால் தடுமாறி விழ வைக்கும், ஞாபகத்தையும் மந்தமாக்கும். தனியே இருக்கிற நீங்கள் இரவில் கிணற்றடிப் பக்கம் போகும்போது விழுந்தால் தூக்கிவிட ஆளில்லை. நித்திரைக்கென்று தடிமன் குளிசை போடுவதும் இதே அளவு ஆபத்து. அக்கா நெடுநாளாக எடுப்பவரென்றால் அவவும் சடுதியாக நிறுத்தக்கூடாது, வைத்தியரிடம் கேட்டு மெல்லக் குறைக்க வேண்டும்.

உங்கள் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். இரவில் ஆறு மணித்தியாலம், மத்தியானம் ஒன்றரை. ஏழரை மணித்தியாலம் நித்திரை கொள்கிறீர்கள். 65 தாண்டியவருக்கு ஏழு, எட்டு போதும். வயது ஏற ஏற உடம்பின் மணிக்கூடு முன்னுக்குப் போகும். எட்டரைக்கே படுப்பதால் இரண்டரைக்கு நித்திரை தீர்ந்துவிடுகிறது.

ஆகவே படுக்கும் நேரத்தைத் தள்ளுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் பிந்திப் படுத்து, மூன்று நாலு கிழமையில் பத்தரைக்கு வாருங்கள். எழும்புவது எந்த நாளும் ஐந்து மணி, இரவு எவ்வளவு மோசமாகப் போயிருந்தாலும். மத்தியானப் படுக்கையை அரை மணித்தியாலத்துக்குள், மூன்று மணிக்கு முன் முடியுங்கள். முதல் இரண்டு கிழமை அலுப்பு கூடத்தான் செய்யும், பயப்படாதீர்கள். பின்னேரம் வெயில் தணியும் நேரம் வெளியில் நடங்கள். அந்த வெளிச்சம் மணிக்கூட்டைப் பின்னுக்கு இழுக்கும். தேத்தண்ணி, கோப்பி மத்தியானத்தோடு போதும்.

போன் விஷயம்தான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். உங்கள் இரண்டரை, ரொறன்ரோவில் பின்னேரம்; மகள் வேலை முடிந்து வரும் நேரம். அவவின் குரலுக்காக உடம்பே எழும்பப் பழகிவிடும். அதை விடச் சொல்லவில்லை, காலை ஆறரைக்கு மாற்றுங்கள். அங்கே இரவு எட்டு, ஒன்பது மணி, ஆறுதலாகக் கதைக்கலாம். இடையில் முழித்தால் மணி பார்க்காதீர்கள். இருபது நிமிடமளவில் நித்திரை வராவிட்டால் எழும்பி, மங்கிய வெளிச்சத்தில் கதிரையில் இருந்து ஏதாவது வாசியுங்கள். கண் சொக்கியதும் படுங்கள்.

சலம் வந்துதான் முழிக்கிறீர்களா? கால் வீங்குபவர்கள் படுத்ததும் அந்த நீர் இரத்தத்துக்குத் திரும்பி, நடுச்சாமத்தில் சலமாக இறங்கும். பின்னேரம் ஒரு மணித்தியாலம் காலை உயர்த்தி வைத்திருங்கள். சலம் போகும் குளிசையை இரவில் எடுக்கிறீர்களென்றால் நேரத்தை மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். சீனியும் சோதிக்க வேண்டும். பெருங்குறட்டை, மூச்சடைத்துத் திடுக்கிட்டு எழும்புதல் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

நான் கூடக் கவலைப்படுவது வேறொன்று. கணவரை இழந்து எட்டு மாதத்தில் விடியப்புறம் முழித்துக் கிடக்கிறீர்கள். காலையில் மனம் பாரமாகிப் பின்னேரம் கொஞ்சம் லேசாகிறதா? சாப்பாடு பிடிக்காமல் மெலிகிறீர்களா? கோயில், சொந்தக்காரர் என்று எதிலும் விருப்பமில்லையா? இப்படி இரண்டு கிழமைக்கு மேலிருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். நம்மவர்கள் அதை வாய்விட்டுச் சொல்வது குறைவு, நித்திரை இல்லை, உடம்பு உளைவு என்றுதான் வருவார்கள். மனச்சோர்வென்றால் நேரத்தை மாற்றுவது மட்டும் போதாது. அதற்கு நல்ல வைத்தியம் இருக்கிறது. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு உண்டு. இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாளும் பொறுக்காமல் யாரிடமாவது சொல்லுங்கள், அல்லது மனநல உதவிக்கான 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.

இரண்டு கிழமைக்குப் படுத்த நேரம், முழித்த நேரத்தை ஒரு தாளில் குறித்து, கிளினிக் கொப்பியோடும் அக்கா தந்த குளிசை மட்டையோடும் உங்கள் வைத்தியரிடம் போங்கள்.