அப்பாவைப் போல ஆகிவிடுவானோ? காவலர் தேர்வுக்குப் படிக்கும் மகனின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணவர் தலைமைக் காவலர். டூட்டி முடிந்து வந்து உங்களை அடிப்பது இன்னும் ஓயவில்லை. இப்போது மகன் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படிக்கிறான். அந்த வேலை இவனையும் அப்படி ஆக்கிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலை கடினமானதுதான். காவலர்கள் ஒரு நாளில் சராசரியாக 14 மணி நேரம் உழைப்பதாக இந்தியக் காவல்துறை பற்றிய 2019 ஆய்வறிக்கை சொன்னது. திருவிழா, தேர்தல் என்றால் பந்தோபஸ்து. நைட் ரவுண்ட்ஸ் முடித்துக் கண் அயர்வதற்குள் ரோல்கால். தமிழ்நாட்டில் 2021-இல் வார விடுமுறைக்கு அரசாணையே வந்தது, ஆனாலும் எல்லா ஸ்டேஷனிலும் அது ஒழுங்காகக் கிடைப்பதில்லை. தூக்கம் கெட்டால் கோபம் சீக்கிரம் வரும். சிலர் குடியில் போய் விழுகிறார்கள். வீட்டில் சண்டை கூடும்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். எல்லார் முன்னாலும் திட்டிய இன்ஸ்பெக்டர் மேல் கை ஓங்காதவர், வீட்டுக்கு வந்து உங்கள் மேல் ஓங்குகிறார். அடக்கிக்கொள்ள அவருக்குத் தெரிகிறது. இங்கே கேட்க ஆளில்லை என்ற தைரியம்தான் அடிக்கிறது. அதே டூட்டி பார்த்தும் மனைவி மேல் ஒரு நாளும் கை வைக்காத காவலர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

அதனால் படிப்பை நிறுத்தச் சொல்ல மாட்டேன். கணவர் இல்லாத நேரத்தில் மகனிடம் கேளுங்கள்: "அப்பா என்னை அடிப்பது தப்பா?" "அவருக்கு டென்ஷன், நீயும் எதிர்த்துப் பேசுகிறாய்" என்று அவன் சொன்னால், அதே தேர்வு எழுதித் தீயணைப்புத் துறைக்குப் போனாலும் எனக்குக் கவலைதான். என்னிடம் அழைத்து வாருங்கள், பேசுகிறேன். தயங்காமல் "தப்பு" என்றால், நன்றாகப் படிக்கட்டும். காவலர்களின் மன அழுத்தம் குறைய, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உதவியோடு நம் காவல்துறை தொடங்கிய நிறைவாழ்வுப் பயிற்சி பற்றியும் இப்போதே சொல்லி வையுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. கணவர் வேலை பார்க்கும் ஸ்டேஷனில் போய் எப்படிப் புகார் சொல்வது என்றுதான் இத்தனை வருடம் பொறுத்திருப்பீர்கள். 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி ஸ்டேஷனுக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்பதில்லை. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். அவர் மூலமாகவோ நேரடியாகவோ மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணில் இரவிலும் பேசலாம். குவார்ட்டர்ஸில் யார் காதிலாவது விழுந்துவிடும் என்று பயமிருந்தால், பிறந்த வீட்டுக்குப் போகும்போது அங்கே உள்ளவர் போனிலிருந்து பேசுங்கள்.