வேலைக்குப் போகிற தனி ஆள் நாய் வளர்க்கலாமா? என்னென்ன பொறுப்புகள் இருக்கும்?

வளர்க்கலாம். ஆனால் குட்டியாக வாங்காதீர்கள். நீங்கள் தினமும் 9 மணி நேரமாவது வெளியே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். குட்டி எவ்வளவு நேரம் சிறுநீரை அடக்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்று கூட்டினால் வரும் மணி நேரம். 3 மாதக் குட்டிக்கு 4 மணி நேரம், அதுவே அதிகம். நடுப்பகலில் வந்து வெளியே விட ஆள் இல்லையென்றால் 2 வயது தாண்டிய நாயைத் தத்தெடுங்கள். குட்டியிலிருந்து வளர்த்தால்தான் ஒட்டும் என்பார்கள். வளர்ந்த நாயும் நன்றாகவே ஒட்டும்.

சாப்பாடு, நடை, தடுப்பூசி பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். பலரும் விட்டுவிடுகிற பொறுப்பு ஒன்று இருக்கிறது: தினமும் ராத்திரி 5 நிமிடம் நாயின் உடம்பு முழுக்கக் கையால் தடவிப் பார்ப்பது. நாய் பெரும்பாலும் வலியைக் காட்டிக்கொள்ளாது. நீங்கள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

காது மடலைத் திருப்பி முகர்ந்து பாருங்கள். புளித்த வாடையும் பழுப்பு அழுக்கும் இருந்தால் தொற்று என்று சந்தேகப்படுங்கள். பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விட்டால் அழுக்கு இன்னும் ஆழத்துக்குத்தான் போகும். அடுத்து, உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். ஈறே வெளிறிக் கிடந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ஈறு கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையின் உள்பக்கத்தைப் பார்க்கலாம்.

உண்ணிக்குத்தான் அதிக நேரம் ஆகும். காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குளில், விரலிடுக்கில் ஒளிந்திருக்கும். மெல்லிய நுனியுள்ள இடுக்கியால், தோலை ஒட்டி அதன் வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல் சீராக மேலே இழுங்கள். உப்பிய வயிற்றைப் பிடித்து நசுக்கக் கூடாது. தீக்குச்சியால் சுடுவது, மண்ணெண்ணெய் தடவுவது எதுவும் வேண்டாம். அந்த எரிச்சலில் உண்ணி வயிற்றில் இருப்பதைக் கக்கினால் கிருமியும் நாயின் ரத்தத்தில் சேரும். பிடுங்கியதை ஸ்பிரிட்டில் போடுங்கள்.

"மருந்து போட்டும் உண்ணி போகவில்லை" என்று பலர் சொல்வதற்குக் காரணம் நாயிடம் இல்லை, வீட்டில் இருக்கிறது. ரத்தம் குடித்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் படுக்கைத் துணியை வெந்நீரில் துவைப்பதையும் மூலை முடுக்கைச் சுத்தம் செய்வதையும் வாரக்கணக்கில் தொடர வேண்டும். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த உண்ணி மருந்து வேண்டவே வேண்டாம், பூனைக்கு அது விஷம்.

"எங்கள் நாய் இதெல்லாம் இல்லாமலே 12 வருஷம் இருந்தது" என்று கீழே எழுத வருவீர்கள். இருந்திருக்கும். அதில் எத்தனை நாள் பல்வலியோடு தின்றது என்று அதனால் சொல்ல முடியாதே. மருத்துவர் வேலையை நீங்கள் பாருங்கள் என்றும் நான் சொல்லவில்லை. எப்போது அவரிடம் ஓட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முக்கியமாக, காய்ச்சல் என்று உங்கள் பாராசிட்டமாலையோ ஐபுப்ரோஃபெனையோ உடைத்துக் கொடுக்காதீர்கள். நாயின் ஈரலும் சிறுநீரகமும் கெட்டுப்போகும். திராட்சை, வெங்காயம், சாக்லேட், சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று இனிப்பு கலந்த சூயிங்கம் இவையும் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனாலும் மனசு கேட்கவில்லை. படத்துக்கு அழகாக இருக்கிறது என்று பக், புல்டாக் வாங்குகிறார்கள். மூக்கு அமுங்கிப்போனதால் அந்த ஜீவன் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க மூச்சுக்குத் திணறுகிறது. அது விடும் குறட்டையை "எவ்வளவு அழகு" என்று பதிவு போடுகிறார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது. ஏற்கனவே வைத்திருப்பவர்கள் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டை மாட்டுங்கள். எடை ஏறவிடாதீர்கள், வெயில் தாழ்ந்த பிறகு மட்டும் வெளியே கூட்டிப்போங்கள். அசந்து தூங்கும்போது ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். பல நாள் தொடர்ந்து 30-க்கு மேல் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.