கணக்குப் பக்கத்தைத் திறந்தால் புரோகிராம் கோடு தெரிகிறது!

கேள்வி: நீலகிரியில் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) இருக்கிறோம். சிறு தேயிலை விவசாயிகள். யார் எத்தனை கிலோ பச்சை இலை கொடுத்தார், எவ்வளவு பாக்கி என்பதை எல்லோரும் போனிலேயே பார்க்கிற மாதிரி ஒரு கம்ப்யூட்டரில் அப்பாச்சி என்ற வெப் சர்வர் (பக்கங்களை அனுப்பும் மென்பொருள்) போட்டு வைத்திருந்தோம். போன வாரம் அதன் ஆபரேட்டிங் சிஸ்டத்தை உபுண்டு 18.04-லிருந்து 20.04, அப்புறம் 22.04 என்று ஏற்றினேன். இப்போது பிஎச்பி மொழியில் எழுதிய கணக்குப் பக்கத்தைத் திறந்தால் புரோகிராம் கோடு அப்படியே திரையில் வருகிறது. பில் போடும் பைத்தான் ஸ்கிரிப்ட் 500 எரர் (சர்வருக்குள் கோளாறு) காட்டுகிறது. பழையதையே திரும்பப் போட்டுவிடட்டுமா சார்?

பதில்: வேண்டாம். 18.04-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2023-லேயே நின்றுவிட்டது. ஆனால் மற்றதைப் படிப்பதற்கு முன்னால் அந்தக் கம்ப்யூட்டரின் நெட் ஒயரைக் கழற்றுங்கள். திரையில் தெரிகிற கோடில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் இருக்கலாம், யார் பார்த்தார்களோ தெரியாது, இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

18.04-ல் இருந்தது பிஎச்பி 7.2, 22.04-ல் வருவது 8.1. அப்பாச்சிக்குள் பிஎச்பியை ஓட்டும் பழைய மாட்யூல் (இணைப்புப் பகுதி) போய்விட்டது, புதியது அப்பாச்சியோடு சேரவில்லை, அதனால் அப்பாச்சி உங்கள் ஃபைலைச் சாதாரண எழுத்தாக நினைத்து அனுப்புகிறது. அப்பாச்சியை நிறுத்திவிட்டு, இன்ஸ்டாலுக்கு மட்டும் நெட் ஒயரை மாட்டி, அப்பாச்சிக்கான பிஎச்பி 8.1 மாட்யூலை இன்ஸ்டால் செய்யுங்கள். ஒயரை மறுபடி கழற்றிவிட்டு, 'ஏ2டிஸ்மாட்' கட்டளையால் 7.2-ஐ எடுத்துவிட்டு, 'ஏ2என்மாட்' கட்டளையால் 8.1-ஐச் சேருங்கள். எம்பிஎம் ஈவென்ட் (அப்பாச்சி வேலைகளைப் பிரித்துச் செய்யும் ஒரு முறை) இடிக்கிறது என்று சொன்னால் அதை நிறுத்தி, ப்ரீஃபோர்க் என்ற இன்னொரு முறையைப் போடுங்கள். ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் அமைப்பில் தவறு இருக்கிறதா என்று சொல்லும் கான்ஃபிக்டெஸ்டை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பிஎச்பியின் அமைப்பு ஃபைலான பிஎச்பி.ஐஎன்ஐ ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனி ஃபோல்டரில் இருக்கும், நீங்கள் பழையதில் செய்த மாற்றங்கள் தானாக வராது. டைம்ஸோனை ஏசியா/கொல்கத்தா என்று மறுபடி எழுதாவிட்டால், சாயங்காலம் 6 மணிக்கு எடை போட்ட இலை மதியம் 12.30 என்று பதிவாகலாம். பக்கம் வெறும் வெள்ளையாக வந்தால் அப்பாச்சி தவறுகளைக் குறித்து வைக்கும் எரர் லாகைப் பாருங்கள். பிஎச்பி கோடில் அரேயின் (மதிப்புகளின் பட்டியல்) சாவிப் பெயரை மேற்கோள் குறி இல்லாமல் எழுதியிருந்தால் 7.2 எச்சரித்துவிட்டு ஓடும், 8-ல் அதே வரியில் நின்றுவிடும்.

பைத்தானுக்கு வருவோம். எரர் லாகில் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று இருக்கிறதா? ஸ்கிரிப்ட் கண்ணெதிரே இருக்கும்போதே அப்படிச் சொன்னால், காணாமல் போனது ஸ்கிரிப்ட் இல்லை, அதன் முதல் வரியில் எழுதியிருக்கும் பைத்தான். 22.04-ல் வெறும் 'பைத்தான்' என்ற பெயரில் கட்டளை தானாக இருக்காது, 'பைத்தான்3' என்று மாற்றுங்கள். மாற்றியதும் வேறு எரர் வரலாம், ஏனென்றால் பைத்தான் 2-க்காக எழுதிய பழைய ஸ்கிரிப்டில் பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி இருக்காது. அதையும் சரிசெய்தால் ஓடிவிடலாம்.

எனக்குக் கவலை அங்கேதான். பைத்தான் 2-ல் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3, பைத்தான் 3-ல் 3.5. எந்த எரரும் வராமல் பில் தொகை மாறிப்போகலாம், அது ஒரு குடும்பத்தின் இலைக் காசு. அதனால் முன்பே பணம் கொடுத்து முடித்த ஒரு மாதத்தின் எடைகளைப் புது ஸ்கிரிப்டில் போட்டு, ஒவ்வொருவர் தொகையும் பைசா வரை பழைய பில்லோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போன பிறகு நெட் ஒயரை மாட்டுங்கள்.