லாகின் யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: மழைக்காலத்தில் செல் சிக்னல் போய்விடுகிறது. பிராட்பேண்ட் ஓடுகிறது, ஆனால் ஆபீஸ் சாப்ட்வேருக்கு ஓடிபி வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. - கூடலூர்

எஸ்எம்எஸ்ஸை விட்டுவிடுங்கள். பெரும்பாலான சாப்ட்வேர்களின் செக்யூரிட்டி செட்டிங்ஸில் ஆத்தென்டிகேட்டர் ஆப் வசதி உண்டு. ஒருமுறை க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும். அப்புறம் போனே 30 வினாடிக்கு ஒரு புது எண்ணைத் தானாகக் கணக்கிட்டுக் காட்டும், சிக்னல் தேவையில்லை. போன் கடிகாரம் மட்டும் சரியாக ஓட வேண்டும். அப்போது சாப்ட்வேர் தரும் பேக்கப் கோடுகளை, அதாவது அவசரத்துக்கு நுழைய உதவும் எண்களை, தாளில் எழுதி பீரோவில் வையுங்கள், போன் தொலைந்தால் அதுதான் வழி.

கேள்வி: வாட்ஸ்அப்பில் 499 ரூபாய்க்கு ஆயுட்கால லாகின் தருகிறார்கள். வாங்கலாமா? - கொலக்கம்பை

வேண்டாம். அது வேறு யாருடையதோ.

கேள்வி: ஹோம்ஸ்டே புக்கிங் சாப்ட்வேரை ஒருவர் போட்டுக்கொடுத்தார். சந்தாவைப் புதுப்பிக்க இப்போது இரண்டு மடங்கு கேட்கிறார். நானே கட்டப் போனால் என் மெயிலில் கணக்கே இல்லை என்கிறது. - கோத்தகிரி வாசகி

அம்மா, தப்பு உங்கள் மேல் இல்லை. அவர் தன் மெயிலில் கணக்கைத் தொடங்கி உங்களிடம் காசு வாங்கியிருக்கிறார். காசு யார் கட்டினாலும், யார் மெயிலில் கணக்கு இருக்கிறதோ அவரைத்தான் சாப்ட்வேர் உரிமையாளராகப் பார்க்கும்.

குன்னூர் பெட்போர்டில் கடை வைத்திருந்தபோது பில் போடும் சாப்ட்வேரை நானும் இப்படித்தான் வாங்கினேன். மெயிலும் செல் நம்பரும் போட்டுக்கொடுத்தவருடையவை. அவர் ஊரை விட்டுப் போனார், நம்பரும் மாறியது. மூன்று வருடக் கணக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. நானும் என் மனைவியும் பதினொரு நாள் உட்கார்ந்து பழைய பில்களைத் திரும்ப ஏற்றினோம். தெர்மல் பேப்பரில் எழுத்து மங்கிப்போய், ஒவ்வொன்றையும் டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படித்தோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீங்கள் சாப்ட்வேர் நிறுவனத்துக்கே நேராக எழுதுங்கள். பணம் கட்டிய ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், ஹோம்ஸ்டே பதிவுச் சான்று எல்லாம் வைத்து, உரிமையாளர் மெயிலை மாற்றித் தரும்படி கேளுங்கள். போட்டுக்கொடுத்தவர் மேல் 1915-இல் புகார் சொல்லுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். இனி யார் போட்டுக்கொடுத்தாலும் அவர் எதிரிலேயே லாக் அவுட் செய்து, உங்கள் மெயில், உங்கள் நம்பரை வைத்து நீங்களே உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி: கூகுள் பட்டனை அழுத்தி நுழைந்தால் கணக்கு காலியாக இருக்கிறது. எல்லாம் அழிந்துவிட்டதா? - குன்னூர்

பெரும்பாலும் இல்லை. போனில் இருக்கும் வேறொரு ஜிமெயிலில் புதுக் கணக்கு திறந்திருக்கும். லாக் அவுட் செய்து, முதலில் பதிவு செய்த மெயிலைப் போட்டு நுழையுங்கள்.

கேள்வி: சாப்ட்வேர் கம்பெனி என்று சொல்லி ஓடிபி கேட்டார்கள், சொல்லிவிட்டேன். 18,000 ரூபாய் போய்விட்டது. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. - ஊட்டி

ஏமாற்றியவன்தான் வெட்கப்பட வேண்டும். இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான தேசிய உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் சொன்னால் முடக்கி வைக்க வாய்ப்புண்டு. பேங்குக்கும் சொல்லுங்கள். அப்புறம் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக் அவுட் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் தேயிலை ஃபேக்டரி ஆபீசில் ஏழு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு, மானிட்டரிலேயே ஒட்டியிருக்கிறோம். பச்சைத்தேயிலை எடையை யாரோ குறைத்துப் பதிந்துவிட்டார்கள். கண்டுபிடிக்க முடியுமா? - மஞ்சூர்

ஏழு பேரும் ஒரே ஆளாக நுழைந்தால் சாப்ட்வேர் யாரைக் காட்டும்? ஆளுக்கொரு லாகினுக்கு ஆகும் சந்தாவை மிச்சம்பிடித்தீர்கள், நஷ்டம் இலை கொடுத்த விவசாயிக்கு. அவர் கையில் இருக்கும் எடைச் சீட்டை வாங்கிப் பார்த்து, குறைந்த பணத்தை இந்த வாரமே கொடுங்கள். மானிட்டரில் இருக்கும் சீட்டை இன்றே கிழியுங்கள்.